ஊருக்குக் கிளம்பாத நாலு பேர்

வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் அவள் வெளியே கிளம்பியதே இல்லை. அதனால் கணவன் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. அந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு விமானக் கம்பெனியின் டிக்கெட் இணையதளத்தைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. பயணியைப் போலவே டிக்கெட் எடுப்பாள், சீட் பிடிப்பாள், எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லுவாள்.

சோதனைக்கென்று தனித் தளம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதைக்கு நிஜத் தளத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு உடனே ரத்து செய்துவிடுங்கள் என்பார் மேனேஜர். முன்பெல்லாம் அவளுடைய பொய்ப் பயணிகளுக்குக் கத்தரிக்காய், வெண்டைக்காய் என்றெல்லாம் பெயர் இருக்கும். மேலிடத்தில் யாரோ பார்த்து முகம் சுளிக்க, மனிதர் பெயராகவே போடும்படி உத்தரவு வந்துவிட்டது.

அன்று காலை, மாலை விமானமொன்றில் நான்கு பேரை உட்காரவைத்தாள். வீட்டிலிருந்தே செக்-இன் செய்யும் வசதி புதிதாக வந்திருந்ததால் அதையும் செய்து பார்த்தாள். பிறகு ரத்து செய்தாள். 'ரத்து செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. வழக்கமாக இன்னொரு முறை திறந்து பார்ப்பாள். அதற்குள் மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மீட்டிங் மாலை வரை இழுத்துக்கொண்டே போனது. திரும்பி வந்து சீட் வரைபடத்தைத் திறந்தாள். நான்கு சீட்டும் ஆள் இருப்பதைக் காட்டும் சிவப்பிலேயே இருந்தன. மறுபடி ரத்து செய்தாள். பச்சை எழுத்து வந்தது, சிவப்பு அசையவில்லை. மேனேஜர் போனை எடுக்கவில்லை. யார் யாரையோ பிடித்து விமான நிலையக் கவுண்டரின் எண்ணை வாங்கினாள்.

கவுண்டர்ப் பெண் எரிச்சலின் உச்சியில் இருந்தாள். செக்-இன் செய்த நான்கு பேரைக் காணவில்லையாம். டிக்கெட்டை மட்டும் தளம் மறுபடி விற்றிருக்க, பணம் கட்டிய வேறு நான்கு பேர் சீட் இல்லாமல் எதிரே நிற்கிறார்களாம். அதில் ஒருவருக்கு வேலை செய்யும் நாட்டின் விசா இன்றோடு முடிகிறதாம், இன்றிரவே போய் இறங்கியாக வேண்டுமாம்.

"காணாமப் போன அந்த நாலு பேரும் கிடையவே கிடையாதுங்க. சோதனைக்காக நான்தான் அவங்களைப் போட்டேன்."

"போன்ல யாரோ சொன்னாங்கன்னு ஆளைப் பட்டியல்லேருந்து தூக்க முடியாது மேடம். அப்புறம் என் வேலை போயிடும்."

கவுண்டர்ப் பெண்ணுக்குப் பின்னால் ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காலையில் வாய்க்கு வந்தபடி தட்டிய பெயர்கள், மரியாதையோடு, ஒவ்வொன்றாக.

"அவங்க பாஸ்போர்ட் நம்பரை மட்டும் பாருங்க."

விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு கவுண்டர்ப் பெண்ணின் குரல் இறங்கியது.

"எல்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா இருக்கு. பிறந்த தேதியும் நாலு பேருக்கும் ஒண்ணுதான். லைன்லயே இருங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு அவள் மேலதிகாரியிடம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி வேறு பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. மூன்று பேர் உடனே வந்துவிட்டார்கள். விசாக்காரரைக் காணோம். சண்டை பிடிக்கக் கம்பெனி அலுவலகத்தைத் தேடிப் போயிருந்தாராம். அவர் பெயர் மறுபடி, மறுபடி ஒலித்தது. விமானக் கதவை மூடப் போகிறோம் என்று யாரோ சொன்னது இவள் காதில் விழுந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். திடீரென்று தடதடவென்று ஓடுகிற காலடிச் சத்தம்.

"வந்துட்டார் மேடம். பெட்டி மட்டும் இங்கேயே நின்னு போச்சு."

மறுநாள் மேனேஜர், சோதித்தவரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் அறிக்கை எழுதித் தரச் சொன்னார். திரும்பத் திறந்து பார்க்காதது தன் தப்பு என்று எழுதினாள். ரத்து செய்யும் பட்டன் பொய் சொல்கிறது என்பதையும் அதற்குக் கீழேயே எழுதினாள். இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் முதலாவதையும் எடுத்துவிடுவேன் என்றாள்.

அதன் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனித் தளம் மட்டும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.