மலைக்குப் போகிற வழியில் நான் போட்ட கேட்

விடியும் நேரம் வந்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனாலும் சென்னையிலிருக்கும் கூட்டாளிகள் போன் போட்டால், "மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வாங்கடா" என்றுதான் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் சென்னையில் என் கிரில் பட்டறையில் செய்த கேட்டுகள் எத்தனையோ பங்களா வாசல்களில் நிற்கின்றன. ஒன்றுகூடக் கீல் இறங்கியது கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன?

அந்தப் பட்டறையை மூடிவிட்டு வடகரைப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வாங்கி வந்தது, என் வீட்டுக்காரியின் இருமலுக்காக. பட்டறைக்கு மேலேதான் எங்கள் வீடு. இரும்புத் தூளும் பெயிண்டு நெடியும் அவள் நெஞ்சில் குடியேறிவிட்டன. பேசினால் இருமல், சிரித்தால் இருமல், கோயிலில் கண்ணை மூடினாலும் இருமல். இங்கே வந்து ஒரு குற்றாலச் சீசன் முடிவதற்குள் அது போன இடம் தெரியவில்லை. சாரலில் நின்று துணி துவைக்கிறாள். "நீங்க மாத்திரை வாங்குறீங்க, நான் காத்தையே வாங்கிட்டேன்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

தோப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பினேன். மலையைப் பார்த்த மேற்குப் பக்கம் கேட். நானே வெல்டு வைத்து லாரியில் கொண்டுவந்தது. பக்கத்துத் தோப்புக்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ராத்திரி வயக்காட்டுக்கு எறங்குத யானை, விடியறதுக்குள்ள இப்படித்தான் மலைக்கு ஏறும். ஒரு வழி விட்டுக் கெட்டுங்க."

"யானைக்குப் பட்டா இருக்கா? இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லும்."

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்லா."

"எனக்கும்தான் பெருசாத் தெரியாது. நான் சம்பாதிக்கலயா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு நாள், இன்னும் சரியாக விடியவில்லை. தோப்புக்குள் மேகம் இறங்கிக் கிடந்தது. அவள் துணி துவைக்க மோட்டார் ரூம் பக்கம் போயிருந்தாள். நான் வாசலில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே வயல்பக்கம் வெடிச் சத்தம், ஆட்கள் கூச்சல். அடுத்து ஏதோ சரிகிற சத்தம். சுவரில் லாரி மோதிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ரோடே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

மேகத்துக்குள் கறுப்பாக ஒன்று நடந்து வந்தது. நேராகக் கேட்டுக்குப் போய் நெற்றியை வைத்துத் தள்ளியது. கேட் அதிர்ந்தது, ஆனால் அசையவில்லை. என் வேலை கெட்டுப்போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டது அன்றுதான். யானை திரும்பி மோட்டார் ரூமுக்கு வந்து நின்றது. அதற்குள் அவள் உள்ளே போய்த் தகரக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தாள்.

தும்பிக்கை தகரத்தைத் தடவுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே பழைய சிமெண்டுச் சாக்கும் தேங்காய்நார்த் தூசியும்தான். சென்னையில் இதில் பாதித் தூசி போதும், அவள் இருமித் தீர்த்துவிடுவாள். ஒரு இருமல் இருமினால் அந்தத் தகரம் தாங்குமா?

பக்கத்துத் தோப்புக்காரர் தலை சுவருக்கு மேல் தெரிந்தது.

"மதினி எங்க?"

கையைக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது.

"சத்தம் காட்டாதீய. வெடிய நிப்பாட்டியாச்சு. கேட்டத் தொறந்து விட்டுட்டு ஓரமா ஒதுங்குங்க. வழியப் பாத்தா அதுவே போயிரும்."

சுவரை ஒட்டி நடந்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சத்தம் வராமல் அதை உருவி எடுத்தேன். வேட்டி நனைந்ததைச் சாரல் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். இருமுவதற்கு முன்னால் அவள் லேசாகக் கனைப்பாள். அந்தக் கனைப்பு வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே பூட்டைத் துழாவினேன். ஊர் அமைதி, ஊர் அமைதி என்று பீற்றியவன் நான். அந்த அமைதியில் சாவி உரசுவதுகூட இடி மாதிரி இருந்தது.

பூட்டு விட்டது. கீலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் கேட் முனகாமல் திறந்தது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். யானை வந்தது. சேறும் பச்சிலையும் கலந்த வாடை. கை நீட்டினால் தொடலாம். என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் வெளியேறி மலைப்பக்கம் போனது.

ஓடிப்போய்த் தகரக் கதவை இழுத்தேன். சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"இருமல் வந்துச்சா?" அதுதான் என் வாயில் வந்தது.

"வந்திருந்தா நீங்க யாருகிட்டக் கேப்பிய?" என்றாள். பிறகு மெதுவாக, "அது மூச்சு விடுதது கேட்டுச்சு. அது விட்டப்பம் நானும் விட்டேன்" என்றாள்.

செய்தி தெரிந்து மகன் போனில் கத்தினான், உடனே சென்னைக்குத் திரும்பச் சொல்லி. அவள் போனை வாங்கினாள்.

"ஏலே, அங்கன வந்தா இருமியே சாவேன், அது நிச்சயம். இங்கன யானையால சாவேனோ என்னமோ, அது சந்தேகம். எனக்குச் சந்தேகமே போதும்."

கிழக்குச் சுவரில் விழுந்த இடத்தை அடைக்கவில்லை. கேட்டைக் கழற்றவும் இல்லை. அவ்வளவு நல்ல வேலையை எவன் கழற்றுவான்? ராவும் பகலும் திறந்தே கிடக்கிறது. "யானை பட்டா கொண்டாந்துட்டுபோல?" என்று பக்கத்துத் தோப்புக்காரர் கிண்டல் செய்கிறார்.

விடியக்காலையில் அவள் மோட்டார் ரூமுக்குக் கிளம்பினால் நானும் பின்னாலேயே போகிறேன். துணி பிழிய ஒத்தாசை என்று சொல்லியிருக்கிறேன்.