இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்ட மாதம்

மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக நான் கணக்கு வாத்தியார். இரண்டு நேரிய சமன்பாடுகளை வரைபடத்தில் தீர்ப்பதைப் போலச் சுலபமான பாடம் கணக்கில் வேறு கிடையாது. புள்ளிகளை வை, ஸ்கேல் வைத்துக் கோடு இழு, இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான் விடை. இதைக்கூடச் செய்யாமல் புள்ளிகளைக் கையால் வளைத்து வளைத்துச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மார்க்கை ஈவு இரக்கம் பார்க்காமல் வெட்டுவேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று பள்ளிக்கூடமே சொல்லும். வீட்டில் யாரும் சொன்னதில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இருப்பது என் மனைவி மட்டும்தான்.

அவளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் கொஞ்சம் சுணங்குகிறது என்று தெரிந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டி வருகிறோம். சிறுநீரகம் எந்த அளவுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதற்கு அந்த ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் ரிப்போர்ட்டில் அது அறுபத்திரண்டு. இந்த ஏப்ரலில் முப்பத்தாறு.

"பதினஞ்சுக்குக் கீழ போயிருச்சுன்னா டயாலிசிஸ்தானுங்க சார்," என்றார் டாக்டர்.

"அதுக்கு எத்தனை நாள் இருக்குதுங்க?"

"அப்பிடியெல்லாம் சொல்ல முடியாதுங்க. சக்கரைக்கு மருந்தை மாத்தி எழுதியிருக்கறேன், பார்க்கலாம்."

எனக்குச் சுர்ரென்றது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, அப்புறம் என்ன சொல்ல முடியாது? பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட மறுநாள் மத்தியானம், ஒன்பது ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பி ஒரு வரைபடத்தாளை எடுத்தேன். எக்ஸ் அச்சில் மாதம், ஒய் அச்சில் அந்த எண். முதலில் பதினைந்தில் படுக்கையாக ஒரு கோடு இழுத்தேன். அதற்குக் கீழே பென்சிலால் நிழலடித்தேன். பதினொன்றாம் வகுப்பில் அசமன்பாடு நடத்தும்போது போர்டில் எத்தனையோ தடவை அடித்த அதே நிழல். இந்தப் பட்டைக்குள் அவள் விழக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

பிறகு ஒன்பது புள்ளிகளையும் வைத்தேன். ஸ்கேலை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே கோட்டில் வர மறுத்தன. லேப்காரன் என்ன இழவைச் சோதித்தானோ என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்துப் பார்த்தால், முதல் ஐந்து புள்ளிகள் ஒழுங்காக ஒரு கோட்டில் இருந்தன. கடைசி நான்கும் ஒழுங்காக இன்னொரு கோட்டில். முதல் கோடு சரிவதே தெரியாமல் சரிந்தது. இரண்டாவது கோடு தலைகுப்புற இறங்கியது.

இரண்டையும் நீட்டினேன். முதல் கோடு தாளை விட்டே வெளியே போய்விட்டது. சமன்பாடு எழுதிப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவிலேயே போயிருந்தால் பதினைந்தைத் தொட இன்றிலிருந்து பத்து வருடம் கிட்டத்தட்ட இருந்தது. இரண்டாவது கோடு தாளுக்குள்ளேயே நிழலில் விழுந்தது. பத்தரை மாதம்.

பத்து வருடமா, பத்தரை மாதமா? முன்னறையில் அவள் மிதிக்கிற தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பழக்க தோஷம், கை தானாகவே இரண்டு கோடும் வெட்டிய இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டது. அங்கிருந்து எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக இறக்கினேன். பதிமூன்று. முதல் ரிப்போர்ட் எடுத்த ஏப்ரலிலிருந்து பதிமூன்று மாதம் தள்ளி என்றால் போன வருடம் மே.

மே மாதத்தில் என்ன நடந்தது? யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த வைகாசியில்தான் மகளுக்குக் கல்யாணம். அதற்குச் சில வாரம் முன்னால் என் மனைவிக்கு முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "மண்டபத்துல இப்பிடி நொண்டிக்கிட்டு நின்னீன்னா சனம் என்ன பேசும்?" என்று சத்தம் போட்டவன் நான். "மாத்திரையெல்லாம் வேண்டாமுங்க, வேலை முடிஞ்சா தானாச் சரியாப் போயிருமுங்க," என்றாள். நான் கேட்கவில்லை. தெருமுனை மெடிக்கலில் போய், "முட்டி வலிக்கு நல்லாக் கேக்கற மாத்திரையாக் குடுங்க," என்று வாங்கி வந்தேன். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. கல்யாணத்தில் அவள் ஓடி ஓடிப் பந்தி கவனித்தாள். அதற்கப்புறமும் மளிகைச் சாமான் வாங்குகிற மாதிரி மாதாமாதம் நானே வாங்கி வந்தேன்.

டாக்டர் கேட்காமல் இல்லை. எண் மளமளவென்று இறங்கிய பிறகு இரண்டு தடவை கேட்டார், வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறார்களா என்று. இரண்டு தடவையும் பதில் சொன்னவன் நான். "ஒண்ணுமில்லீங்க." அது பொய் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றவில்லை. மாத்திரை என்றால் டாக்டர் சீட்டில் எழுதுவது. மெடிக்கலில் கேட்டு வாங்குவதைத் தைலத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணக்கை முதலிலிருந்து இன்னொரு தரம் போட்டேன். என் விடை தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். அதே பதிமூன்று.

மெஷின் நின்றது. "ஏனுங்க, கூப்பிட்டீங்களா?" என்று வந்தாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நிழலடித்த இடத்தை மட்டும் விரலால் தொட்டு, "இதுக்குள்ள போனாத்தான் டயாலிசிஸ்ங்களா?" என்று கேட்டுக்கொண்டாள்.

"டாக்டர் கேட்டப்பவே எனக்குச் சந்தேகமுங்க," என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"நீங்க இல்லைன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்பிடிங்க ஆமான்னு சொல்றது?"

மறுநாள் காலையில் முதல் ஆளாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். தாளையும் மாத்திரை அட்டையையும் வைத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார், தாளை வெகுநேரம் பார்த்தார். நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாதுங்க. இன்னைக்கோட நிறுத்திருங்க. போனது எவ்வளவு திரும்பும்னு தெரியாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்," என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை போட்டாங்க?"

"ரெண்டுங்க," என்றேன்.

"நாலுங்க," என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "இவரு வாங்கிட்டு வர்றது பத்தாதுங்க. இவரு பள்ளிக்கூடம் போனதுக்கப்புறம் நானே போயி இன்னும் வாங்கிக்குவனுங்க."

"ஏம்மா, அவ்வளவு வலின்னா ஊட்ல சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "சொன்னனுங்க. மாத்திரை வாங்கிக் குடுத்தும் என்ன இன்னும் முனகல்னு ஒருதரம் கத்திப்போட்டாருங்க. அதுல இருந்து சொல்றதில்லைங்க."

அது எந்த நாள் என்று அங்கே உட்கார்ந்தே யோசித்தேன். பேருந்தில் யோசித்தேன். இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவே இல்லை.