கடல் தின்னும் கோல்ஃப் மைதானத்துக்கு மருமகனோடு போனது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் சில இடத்தில் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் மலைக்கு, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வந்து, கடலோரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வேலை என்று ஆள் கேட்கிறார்கள். போகாதவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்குப் புதூர்நாட்டில் ஜீப் ஏறி, ஆளுக்கு எழுபது ரூபாய் கொடுத்துத் திருப்பத்தூர் வந்தோம், நானும் மருமகன் கோவிந்தனும். என் அண்ணன் மகன்தான் அவன், என் பெண்ணைக் கட்டியவன். அந்தப் புல் வேலைக்குத்தான் கிளம்பினான். பேருந்து நிலையத்துக்கு வெளியே, வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் வெள்ளை வேன் நின்றது. அதில் ஏற்கெனவே மலை ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள்.

“ஆயா, நீ இன்னாத்துக்கு வர்ற? உனக்கும் புல்லு வெட்ற வேலை வோணுமா?” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறத்தியார் முன்னால் எனக்கு வாய் வராது. கதவோரம் உட்கார்ந்துகொண்டேன்.

“அத்தே, மானத்த வாங்காத. எறங்கி வூட்டுக்குப் போ” என்று கோவிந்தன் காதருகில் சொன்னான்.

நான் இறங்கவில்லை. என் மூத்த மகனும் நான்கு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வேனில்தான் ஏறினான். கட்டட வேலை என்றார்கள். ஆந்திராக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிட்டார்கள். இன்றுவரை அந்தப் பக்கத்து ஜெயிலில் இருக்கிறான். அதனால் ஒன்றை மட்டும் மனதில் போட்டு வைத்திருந்தேன். கடல் கிழக்கே இருக்கிறது. வேன் வடக்கே திரும்பினால் கத்தி ஊரைக் கூட்டிவிட வேண்டும்.

ஏழேகாலுக்கு வாணியம்பாடி. எட்டு மணிக்கு ஆம்பூரில் மேஸ்திரி எல்லோருக்கும் இட்லி வாங்கித் தந்தார். நான் தொடவில்லை. என் மகனுக்கும் வழியில் வயிறாரச் சாப்பாடு வாங்கித் தந்தார்களாம்.

ஒன்பதேகால் இருக்கும், வேலூர். நேரே போக வேண்டிய வேன் இடப்பக்கம் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பலகையில் காட்பாடி, அதற்குக் கீழே சித்தூர் என்று எழுதியிருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கை மட்டும் கதவின் பிடியை இழுத்துவிட்டது. ஓடுகிற வண்டியில் கதவு விலகிக் காற்று முகத்தில் அடித்தது. கோவிந்தன் என் சேலையோடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தான்.

மேஸ்திரி பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டினார். “சாவப் பாத்தியே ஆயா! காட்பாடி டேசன்ல ரெண்டு ஆளு நிக்குது, ஏத்திக்கினு திரும்பிடுவேன். உன்னிய மாதிரி இன்னொருத்தி வந்தா நான் தொழில் பண்ண வேண்டாம்.”

“செம்மரத்துக்கு இட்டுனு போறியா?” அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. மரியாதைகூட விட்டுப்போனது.

வேனில் யாரும் சிரிக்கவில்லை. காலையில் என்னைக் கேலி செய்த நான்கு பேரும் மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் இரண்டு பேர் பையோடு நின்றது உண்மைதான். வேன் திரும்பியது. வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி ஒன்றே முக்காலுக்குக் கடலைப் பார்த்தேன். எழுபது வயதில் முதல் தடவை. அழகாக இருக்கிறது என்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் கோவிந்தனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மைதானம் உண்மையாகவே இருந்தது. ஒரு சின்னப் பந்தைக் கம்பால் அடித்து அடித்து, எங்கோ இருக்கும் குழியில் விழவைக்கிற ஆட்டம் அது. அதற்காக அத்தனை ஏக்கருக்கும் புல். களையெடுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்த தனலட்சுமி என்பவள், பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி, அன்றைக்கு என்னைத் தன் வீட்டில் தங்கச் சொன்னாள். சாயங்காலம் அவளோடு நடந்தபோது இந்த மைதானம் எப்போது வந்தது என்று கேட்டேன்.

“வெள்ளக்காரன் காலத்துது அக்கா. அப்போ புல்லே கெடையாது. குழியச் சுத்தி மணல்ல எண்ணெய ஊத்தி, சாக்கால இழுத்துக் கெட்டி பண்ணி வுடுவாங்களாம். எங்க மாமனாருக்கு அதான் வேலை. பொறவு செம்மண்ணு கொட்டிப் புல்லு வெச்சாங்க. சுனாமில உப்பு ஏறி மொத்தமும் மஞ்சளாச்சு. உப்பு தாங்கற புல்ல நான் என் கையால நட்டேன்.”

“இம்புட்டுக் கிட்டவா கடலு?”

“கடலு கிட்டவா இருந்துச்சு? அதுதான் வருது. ஒம்பது குழில ரெண்டத் தின்னுடுச்சு.” அவள் காட்டிய இடத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு பாதிக்குக் கீழே மண்ணில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். “இங்க வேலைக்கு வந்தவங்க வூட்டுக்குத் திரும்பிப் போயிருக்காங்களா?”

அவள் என்னை அலுவலகத்து நடைக்கு அழைத்துப்போனாள். சுவரில் பழைய படங்கள் வரிசையாக இருந்தன. அதிகாரிகளை விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற கூலிக்காரர்களை மட்டும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “இவரு ஊருக்குப் போயி கடை வெச்சிக்கினாரு. இந்தாளு கல்வராயன்மலை, பொண்ணு கல்யாணத்துக்கு நானே போய்ட்டு வந்தேன்.” ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஆட்களை நிறுத்தி மேஸ்திரி பேசினார். “இங்க ஆறு மாசந்தான். கடலு உள்ள வருதுல்ல, நெல்லூர் பக்கம் புது கிரவுண்டு போடறாங்க. புல்லு வேலை கத்துக்கினவங்கள நானே வேன்ல அங்க இட்டுனு போவேன்.”

நெல்லூர் வடக்கே, ஆந்திரா. தனலட்சுமியைப் பார்த்தேன். “புது எடம் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கன்னு எனக்குத் தெரியாது அக்கா” என்றாள்.

“அப்போ பாத்துக்கலாம் அத்தே. மாசம் பதினாலாயிரம் யாரு குடுப்பாங்க?” என்றான் கோவிந்தன்.

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். “வேன்ல ஏறாத. எங்க போறதுன்னாலும் மொதல்ல பஸ்ஸ புடிச்சி வூட்டுக்கு வா.” அவன் தலையை ஆட்டினான். மேஸ்திரி சிரித்தார்.

ஒன்பது மணிப் பேருந்தில் கிளம்பி மூன்று பேருந்து மாறினேன். எங்கள் மலையில் கேழ்வரகு பொய்க்கும், புளி பொய்க்கும். நிலம் இருந்த இடத்தில் இருக்கும். அங்கே நிலமே போகிறது, பின்னாலேயே ஆட்களும் போக வேண்டியிருக்கிறது.

நான் எழுதிய நேரமும் தூரமும் தவறாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். அதைவிட ஒன்று. நெல்லூர்ப் பக்கம் கடலோரத்தில் அப்படி ஒரு மைதானத்துக்கு நிஜமாகவே புல் போடுகிறார்களா என்று, அந்த வழியாகப் போகிற யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஆடி பிறப்பதற்குள் சொல்லுங்கள்.