ரென்ஸ்காவின் சின்னப் பெட்டிகள்

அழைப்பு மணியை அழுத்தியதும் ரென்ஸ்கா இரண்டடி பின்னால் வந்து நின்றுகொள்வார். கதவைத் திறப்பவர் மிரளக் கூடாதாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று கையில் இருக்கும். "எதையும் விக்க வரலைங்க. இதை உங்க மோடத்துல சொருகி வைக்க இடம் கேக்க வந்திருக்கேன்." பாதிப் பேர் அதற்குள் கதவைச் சாத்தியிருப்பார்கள். மீதிப் பேர் காபி கொடுப்பார்கள். எவ்வளவு கசந்தாலும் மெதுவாகக் குடிப்பார். கோப்பை காலியாவதற்குள் பெட்டிக்கு இடம் பிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

க்ரோனிங்கன் நகரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் இணையத்தை அளப்பது அவர் வேலை. நெதர்லாந்து முழுக்க வீடுகளில் இருக்கும் இந்தப் பெட்டிகள் தொலைவிலுள்ள கணினிகளுக்கு ஓயாமல் குரல் கொடுக்கும். பதில் சட்டென்று வந்ததா, தாமதமானதா, வரவே இல்லையா என்று ஆய்வகத்துக்குச் சொல்லும். ஆனால் பெட்டியை ஆசையாகக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கணினிப் பைத்தியங்கள். அவர்கள் வீட்டில் இணைப்பு நன்றாகத்தான் இருக்கும்.

"நம்மள மாதிரி ஆளுங்க வீட்டையே அளந்துட்டு, நாட்டை அளந்துட்டோம்னு சொல்லிட்டிருக்கோம்" என்பார் ரென்ஸ்கா, கூட வேலை பார்க்கும் யூரியனிடம்.

"ஆயிரக்கணக்குல பெட்டி இருக்கே, இன்னும் யாரு வேணும் உனக்கு?"

"வேணாம்னு சொல்றவங்க வேணும்."

அதனால்தான் ஐம்பது வயதைத் தாண்டியும், சனிக்கிழமைகளில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போகிறார்.

சென்ற ஆண்டு வசந்தத்தில், புதிய கேபிள் எந்தெந்த ஊர்களுக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்ய மாகாண அலுவலகம் இவர்களிடம் அறிக்கை கேட்டது. கடல் உள்ளே வராமல் தடுக்கும் அணைக்கு அடியில் ஓஸ்டர்வீர் என்று ஒரு சிற்றூர். மாலையானால் அங்கே இணையம் நத்தையாய் ஊரும் என்பது ஊராரின் புகார். ரொட்டிக்கடை யெல்லியின் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. நகரத்திலிருந்து ஒரு பெண் தினமும் மாலை திரை வழியே பேச்சுப் பயிற்சி கொடுப்பார். வாயசைவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பாதிச் சொல்லில் இருக்கும்போது படம் உறைந்துவிடும்.

அந்த ஊரில் ஆடு வளர்க்கும் சைட்சேயின் சமையலறையில் ஒரு பெட்டி இருந்தது. மாலையானால் அது அடியோடு செத்துப்போவதாகக் கணினி காட்டியது. யூரியனுக்கு ஒரே மகிழ்ச்சி. "இது ஒண்ணு போதும், ஊர் பட்டியல்ல வந்துடும்."

ரென்ஸ்காவுக்கு மனம் ஒப்பவில்லை. மெதுவாகப் போகிற இணைப்பு மெதுவாகத்தானே போகும்? தினமும் இப்படி மொத்தமாகவா சாகும்? மறுநாள் மாலை நேரே போய்ப் பார்த்தார். அடுப்பருகே அட்டைப்பெட்டிக்குள் ஈரம் காயாத ஆட்டுக்குட்டி ஒன்று. அதன்மேல் சூடு தரும் சிவப்பு விளக்கு. மோடத்தின் ஒயர் தரையில் கிடந்தது.

"ராத்திரிக் குளிரு தாங்காதும்மா இதுக்கு" என்றார் சைட்சே. "இந்தப் பக்கம் இருக்கிறது ஒரே பிளக் பாயிண்ட். விளக்கு போடணும்னா அதைப் பிடுங்கித்தான் ஆகணும்."

ரென்ஸ்கா சிரித்துவிட்டார். பிறகு, ஊருக்கு இருந்த ஒரே சான்று இந்தப் பிடுங்கிய ஒயர்தான் என்று விளங்கவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட சைட்சே தாடியைச் சொறிந்தார். "இதைப் போயி எதுக்குச் சொல்லிக்கிட்டு? கண்டுக்காம விட்டுடு. ஊருக்கு நல்லதுதானே நடக்குது, யாருக்கு நஷ்டம்?"

ரென்ஸ்கா குட்டியின் காதைத் தடவினார். "இங்க வர்ற கேபிள் இன்னொரு ஊருக்குப் போக வேண்டியதா இருக்கும்ணே."

சைட்சேயின் பெட்டி கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஒயரைப் பிடுங்கியதையும் இணைப்பு அறுந்ததையும் பெட்டிகள் இனிப் பிரித்துச் சொல்லும்படி ரென்ஸ்காவும் யூரியனும் மாற்றினார்கள். முணுமுணுத்தாலும் யூரியன் கூடவே உட்கார்ந்தார். நாடு முழுக்கப் பார்த்தபோது, அறுந்ததாக எண்ணியதில் பெரும் பகுதி யாரோ ஒயரைப் பிடுங்கியதுதான். ஓஸ்டர்வீருக்கு நேராக 'முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை' என்று எழுத வேண்டியதாயிற்று. ஊர் முதல் பட்டியலில் வரவில்லை.

சேதி ஊருக்குத் தெரிந்த பிறகு ரென்ஸ்கா கடைக்குப் போனபோது, யெல்லி முகத்தைப் பார்க்காமலே ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். "உன் நேர்மையை வச்சு என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துடுமா?"

அன்று திரும்பும் வழியெல்லாம் காற்று முதுகைத்தான் தள்ளியது. ஆனாலும் ரென்ஸ்கா வெகு தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை பை நிறையப் பெட்டிகளோடு மறுபடி ஓஸ்டர்வீருக்கு வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. தெருவில் அவரைப் பார்த்த சைட்சே, யெல்லியின் கடைக்குக் கூட்டிப்போனார்.

"நம்ம ஊருக்காகக்கூடப் பொய் சொல்லாதவ, வேற எவனுக்காகவும் சொல்ல மாட்டா. வாங்கி வை யெல்லி."

யெல்லி கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எங்க சொருகணும்?"

அவள் வாங்கியதும் மற்ற வீடுகளும் வாங்கின. இலையுதிர்காலத்துக்குள் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. எந்த வீட்டிலும் மின்சாரம் போகவில்லை, இணைப்பு அறவில்லை. மாலை வந்தால் மட்டும் எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுபோல் தள்ளாடியது. இரண்டாம் பட்டியலில் ஊர் பெயர் வந்துவிட்டது.

கேபிள் வந்த அன்று ஊர்க்கூடத்தில் காபியும், யெல்லி செய்த ஆரஞ்சு கேக்கும். யெல்லியின் கணவர் ரென்ஸ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை அவர் பெயரை முழுதாகச் சொன்னார். ரென்ஸ்கா அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"அப்பாடா, இந்த ஊர்ல எல்லாருக்கும் வந்தாச்சு" என்றார் யூரியன்.

ரென்ஸ்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே. "அணைக்கட்டுக் கடைசியில ஒரு வீடு இருக்கே, அங்க யாரு?"

"அவனா? யாரு போனாலும் கதவைத் திறக்க மாட்டான்" என்றார் சைட்சே.

கேக்கில் பெரிய துண்டாக இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ரென்ஸ்கா சைக்கிளை எடுத்தார்.