விழத் தெரிந்தவள்

திண்டிவனம் பள்ளி அணியில் ஒரு பெண் இருந்தாள். கூடைப்பந்தில் அவளைப் போல விழ இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. லேசாகத் தோள் உரசினால் போதும், "யம்மா!" என்று ஒரு கத்தல், அரைச் சுற்று, உள்ளங்கையால் சிமெண்ட் தரையில் ஓர் அறை. எலும்பே முறிந்த மாதிரி சத்தம் கேட்கும். நடுவர் விசில் ஊதிவிடுவார், ஃபவுல் நம் தலையில். அவளோ ஒன்றும் நடக்காததுபோல எழுந்து, ஃப்ரீ த்ரோ இரண்டையும் நிதானமாகப் போடுவாள்.

எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தை மேல் அவளைப் போல விழுந்து பார்த்தவளும் நான்தான். அரிசி மூட்டை சரிந்ததுபோல இருந்தது. அதெல்லாம் ஒரு வரம்!

நான் பிளஸ் டூ படித்த வருடம், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது, எங்கள் பள்ளிக்கும் திண்டிவனத்துக்கும். அணியில் இன்னும் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அது கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குச் சென்னையில் கல்லூரி. அவள் பிளஸ் ஒன்தான், அவளுக்கு அடுத்த வருடமும் இருந்தது.

ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்குள் என் மேல் நான்கு ஃபவுல் சேர்ந்துவிட்டது. அதில் மூன்று அவள் புண்ணியம். ஐந்தாவது வந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். எங்கள் பி.டி. மிஸ் பதறிப்போய்ச் சொன்னார்: "அவ வந்தா கைய பின்னாடி கட்டிக்கினு அப்டியே நில்லு. இன்னொன்னு வாங்கிடாதடி."

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தைத் தட்டிக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதுவும் போதாதென்று, நகம்கூடப் பட்டுவிடக் கூடாது என்று ஓரடி ஒதுங்கினேன். இதோ கத்தப் போகிறாள், இதோ சரியப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் விழவே இல்லை. நான் விட்ட வழியில் புகுந்து போய்ப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டாள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

பிறகு குழாயடியில் அவளைப் பிடித்தேன். முழங்கையில் பழைய காயத்தின் மேலேயே புதுக் காயம், தோல் வழன்று சிவந்திருந்தது. நாங்கள் நடிப்பு என்று கேலி செய்த ஒவ்வொரு விழுதலுக்கும் அவள் கொடுத்த விலை அது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன் விழல?" என்றேன்.

"நீ தொடவே இல்லியேக்கா. தொடாம எப்டி விழறது?" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "நீ அப்டியே நின்னுக்கினு இருந்தீன்னா எனக்குப் போட வந்திருக்காதுக்கா. உன் ஒசரத்துக்கு மேல நான் ஒரு தடவகூடப் போட்டதில்ல."

சாயங்காலம் பட்டியல் படித்தார்கள். கடைசிப் பெயர் அவளுடையது. எல்லோரையும் விட நான்தான் சத்தமாகக் கை தட்டினேன், அழுதுகொண்டே.