தாராளமா காட்டுற மீட்டர்

சைக்கிள் கடை கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு சைக்கிளைப் பத்தித் தெரிஞ்சா மட்டும் போதாதுங்க, வாங்க வர்றவங்க மனசுல இருக்கிற மலையைப் பத்தியும் தெரிஞ்சிருக்கணும். துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடைன்னு கவுண்டருக்குப் பின்னாடி கால் கடுக்க நிக்கிற என் சனங்களே, உங்களுக்கு இது புரியும்.

தர்மபுரியில ஒரு சைக்கிள் கடையில ஆறு வருஷமா நிக்கிறேன். ஒயர் இல்லாத புது மீட்டர் ஒண்ணு வந்துச்சு. ஹேண்டில்ல மாட்டிக்கிட்டா வேகத்தை சாட்டிலைட்டை வெச்சுச் சொல்லும், எவ்வளவு உயரம் ஏறினோம்னு காத்தழுத்தத்தை வெச்சுச் சொல்லும். "நல்லாப் போகும், வாங்கிப் போடுங்கண்ணா"ன்னு ஓனர்கிட்ட சொன்னது நான்தான். என் வாய் சும்மா இருக்காதே!

எடை பார்த்து வாங்கினவரு

முதல்ல வந்தவரு பேங்க்ல வேலை. ஞாயித்துக்கிழமையானா வத்தல்மலை ஏறுற சைக்கிள் குரூப்புல இருக்காரு. எங்க ஓனரும் அதே குரூப்புதான். வெறும் வேகம் மட்டும் காட்டுற சாதா மீட்டர் ஒண்ணு, உயரமும் காட்டுற இந்த மீட்டர் ஒண்ணு, ரெண்டையும் எடுத்து வெச்சேன். பேட்டரி எத்தனை நாள் நிக்கும், மழைத்தண்ணி பட்டா தாங்குமான்னு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். மனுசன் எதையும் காதுல வாங்கல. ரெண்டையும் கையில தூக்கித் தூக்கிப் பார்த்துட்டு, கிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு: "மேடம், இதுல கொஞ்சம் தாராளமா காட்டுறது எதுங்க?"

படுத்துக்கிட்டே மலை ஏறினவரு

அடுத்தது பாலக்கோட்டுல தக்காளி மண்டி வெச்சிருக்கிறவரு. டாக்டரு நடக்கச் சொன்னாராம், இவரு சைக்கிள் வாங்கினாரு, கூடவே மீட்டரும். பத்தாம் நாள் மீட்டரைக் கொண்டுவந்து கவுண்டர்ல டொப்புனு வெச்சாரு. சாயங்காலம் வூட்டுல நிறுத்தி வெச்ச சைக்கிளு, விடியறதுக்குள்ள முப்பது மீட்டர் ஏறியிருக்குதாம்.

"மழை வர்ற மாதிரி இருந்தா காத்தழுத்தம் குறையுமுங்க, அதை இது மேடு ஏறினதா நெனச்சுக்கும். கெளம்புறப்ப உங்க வூட்டு உயரத்தை ஒருதடவை போட்டுட்டா சரியாப் போயிடும்"னு எடுத்துச் சொன்னேன். விக்கிறப்பவும் இதைத்தான் சொன்னேன், சத்தியமா. ஓனர் குறுக்கே வந்து, கும்பிடு போட்டு மீட்டரைத் திரும்ப வாங்கிக்கிட்டாரு. மண்டிக்காரரு வாசல் பக்கம் போனதும் என்கிட்ட திரும்பி, "உன் பேச்சைக் கேட்டு வாங்கின மீட்டரு. இன்னும் ஒண்ணு கோளாறுன்னு திரும்பி வரட்டும், கவுண்டருக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்"னாரு. எங்க வூட்டுல மாசச் சம்பளம்னு வர்றது என்னோடது ஒண்ணுதான். வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டிருந்த மண்டிக்காரரு இதெல்லாம் காதுல விழுந்தும் விடலையே: "என் வூடு இருந்த இடத்துலயேதான் இருக்குதும்மா, ஏறினது உன் மீட்டருதான்!"

சைக்கிளே இல்லாதவரு

பாப்பாரப்பட்டிக்காரரு ஒருத்தரு மீட்டர் வாங்கினப்பவே எனக்கு உறுத்துச்சு. சைக்கிள் என்ன மாடல்னு கேட்டா, பேச்சை மாத்தினாரு. ஒரு வாரம் கழிச்சு வந்து உண்மையக் கக்கினாரு. பக்கத்துல தம்பி வூடு. யாரு வூட்டுத் தண்ணி யாரு வாசல்ல போய் நிக்குதுன்னு சண்டை. தன் வூடுதான் பள்ளம்னு காட்ட மீட்டரோட போயிருக்காரு. காலையில பள்ளம்னு காட்டுச்சாம், ஊருக்காரங்க பார்க்க வந்த மத்தியானம் மேடுன்னு காட்டிடுச்சாம். "கோளாறு, திரும்ப எடுத்துக்கங்க"ன்னாரு.

விடுவேனா நானு? "எடுத்துக்கலாமுங்க, எதுக்குத் திரும்பக் குடுத்தீங்கன்னு நோட்டுல எழுதணும். தம்பி, சாக்கடைத் தண்ணின்னு எல்லாத்தையும் எழுதிக்கட்டுங்களா?"ன்னேன். மீட்டர் மறுபடி மஞ்சப் பைக்குள்ள போயிடுச்சு. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா மனசு கேக்கல. "ஏங்க, கொத்தனாருங்க தண்ணி ஊத்தி மட்டம் பார்க்கிற டியூப் இருக்குதே, அதை வெச்சுப் பார்த்திருக்கலாமே?"ன்னு கேட்டேன். படியில நின்னு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "அது உண்மையச் சொல்லிடும்மா."

ஓனரு ஏறின மலை

போன ஞாயித்துக்கிழமை குரூப்பு போகல, எங்க ஓனரு மட்டும் தானும் ஒரு மீட்டரை மாட்டிக்கிட்டுத் தனியா வத்தல்மலைக்குப் போனாரு. உச்சியில நின்னு மீட்டரைப் போட்டோ எடுத்து, கடைக்காக என்னையும் சேர்த்து வெச்சிருக்கிற வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. ஆகா ஓகோன்னு ஒரே கைதட்டல். பேங்க்காரரு மட்டும் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்திருக்காரு. "அண்ணே, சராசரி வேகம் முப்பத்தெட்டுன்னு இருக்குதே? கொண்டை ஊசி வளைவுல முப்பத்தெட்டா? காலையில என்ன சாப்பிட்டீங்க?"

திங்கக்கிழமை கடை திறந்ததும் ஓனர் என்னை உள்ள கூப்பிட்டாரு. அடிவாரத்துலயே மூச்சு வாங்கிடுச்சாம், சைக்கிளைக் காருல போட்டு மேல கொண்டுபோயிட்டாராம். மீட்டரை ஆஃப் பண்ண மறந்துட்டாராம். "மீட்டர் கோளாறுன்னு குரூப்புல நீ ஒரு வார்த்தை எழுதிடும்மா, நீ சொன்னா நம்புவாங்க"ன்னாரு.

"எழுதிடறேங்கண்ணா. கோளாறுன்னா ரெண்டாவது ரிட்டர்ன் கணக்காச்சே, நாளையிலிருந்து நான் வர வேண்டாமுங்களா?"ன்னு கேட்டேன். ஓனரு ஃபேனைப் பார்த்தாரு, செவுத்தைப் பார்த்தாரு, மீட்டரையும் ஒருதடவை பார்த்தாரு. "மீட்டரெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது, நீ கவுண்டருக்குப் போ."

மீட்டரு பொய் சொல்லுதுன்னு சண்டைக்கு வந்தவங்களை எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், அது உண்மையச் சொல்லிடுச்சுன்னு வந்து நின்னது எங்க ஓனரு ஒருத்தருதாங்க.