இரண்டு மாவட்டத்து மழை லீவு

இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கைபேசி சிணுங்கியது. எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் செய்தி போட்டிருந்தார். கனமழை, சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் உறைத்தது, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை யாரும் இல்லையென்று. சின்னவள் அம்மு கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். பெரியவள் கவிதா இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள்தான், ஆனால் டீச்சராக. எனக்கோ தலை பாதி நரைத்துவிட்டது. இந்த லட்சணத்தில் மழை லீவு என்றதும் தூக்கம் போய்விடுகிறது. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் ஒரு வாடை வந்து குடியேறும். துணி காயாத வாடை. அம்பத்தூர் ஏரிக்குப் பின்னால் ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் அப்போது எங்கள் வீடு. அதில் நாலு பேர், நாலு பேருடைய ஈரத் துணி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டே யூனிபார்ம். இன்று நனைந்தது நாளை மறுநாளுக்குள் காய்ந்தாக வேண்டும். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியைப் போட்டு, உள்ளே சாம்பிராணி புகைய விடுவேன். இட்லி வேகும்போது மூடிமேல் கர்ச்சீப்பை விரிப்பேன். ஒருநாள் அம்மு தன் கர்ச்சீப்பை மோந்து பார்த்துவிட்டு, இதைச் சட்னி தொட்டுச் சாப்பிடலாம் போலிருக்கிறதே என்றாள். வாய் அவ்வளவு.

சாக்ஸுக்கு மட்டும் தனி மரியாதை. அது டிவிமேல்தான் காயும். பின்பக்கம் கூன் விழுந்த பழைய டிவி, அரைமணி ஓடினால் நல்ல சூடு. அதன் தலையில் நாலு சாக்ஸும், முன்பக்கமாக ஒரு யூனிபார்ம் பாவாடையும் தொங்கும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் செய்தி வாசிப்பவர் முகத்தை முழுசாகப் பார்த்தவர் கிடையாது. கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வேலை என்னுடையது. எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு என்று அதில்தான் ஓடும்.

ஒரு மாவட்டமாக இருந்தால் தொல்லையே இல்லை. எங்களுக்கு இரண்டு. முன்பு நாங்கள் அயனாவரத்தில் குடியிருந்தோம். வாடகை கட்டுபடியாகாமல் அம்பத்தூருக்கு வந்தபோது, கவிதா அந்தப் பள்ளிக்கூடத்தை விடமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்ளாத குறை. சரி, வேனில் போய் வரட்டும் என்று விட்டுவிட்டோம். அம்முவைத் தெருக்கோடிப் பள்ளியில் சேர்த்தோம். அயனாவரம் சென்னை மாவட்டம். அம்பத்தூர் அப்போது திருவள்ளூர் மாவட்டம். ஒரே பாயில் படுத்து எழுகிற இரண்டு பெண்கள், ஒருத்திக்கு லீவு வந்தால் இன்னொருத்திக்கும் வரும் என்று சொல்ல முடியாது. சென்னை எங்கே ஆரம்பிக்கிறது என்று அம்மு அவள் அப்பாவைக் கேட்டாள். பாடி மேம்பாலம் தாண்டினால் சென்னை என்றார் அவர். அப்படியென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற மழையா என்று கேட்டாள். அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். இன்றுவரை பதில் தெரியாது.

இரண்டு பேருக்கும் லீவு என்றால் வீடு கல்யாண வீடுதான். சென்னைக்கு மட்டும் லீவு என்றால்தான் ஒப்பாரி. "அதுக்கு மட்டும் இன்னாத்துக்கு லீவு, நானும் போவமாட்டேன்" என்று அம்மு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நான் ஏழேகாலுக்குக் கிளம்பினால்தான் எட்டு மணிக்குள் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கம்பெனியில் வருகைக் கார்டு போட முடியும். ஒருநாள் அவள் அழ அழ விட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தால் பக்கத்து வீட்டுச் சாந்தியக்கா ஒரு கதை சொன்னார். நாங்கள் வேலைக்குப் போனபின் அம்முவைப் பள்ளியில் விடுகிற புண்ணியம் அவருடையது. அன்றைக்கு அம்மு அசையவில்லையாம். கவிதா மளமளவென்று தன் யூனிபார்மை மாட்டி, சாக்ஸ் ஷூ எல்லாம் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, எனக்கும் லீவு இல்லை வா என்று தங்கையைக் கூட்டிப் போய்ப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்தாளாம். சாந்தியக்கா என் கன்னத்தில் இடித்துச் சொன்னார்: "உம் பொண்ணு கீதே, அது உன்ன மாதிரி ரெண்டு பேர பெத்தெடுக்கும்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

கவிதாவுக்கு அப்போது ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வருஷம் முழுக்க ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைகளுக்கு அவள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றி, பேர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் அம்மை போட்டு அது கை நழுவிப் போனது. ஆறாம் வகுப்பில் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சமையலறை காலண்டரில் பள்ளிக்குப் போன நாளுக்கெல்லாம் பென்சிலில் டிக் போடுவாள். ஜுரத்தோடு போனாள். என் தம்பி கல்யாணத்தன்று தாலி கட்டின கையோடு பட்டுப் பாவாடையை அவிழ்த்துவிட்டு யூனிபார்மில் ஓடினாள். சொந்தக்காரர்கள் என்னைத்தான் ஏசினார்கள். ஜூனிலிருந்து நவம்பர்வரை ஒரு டிக் தப்பவில்லை.

என் பாடு வேறு. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற ஒரு கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. காலர் கோணலா, பொத்தான் இறுக்கமா என்று பார்க்க வேண்டும். அந்த மாதம் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல் வந்து நாலு லீவு போட்டிருந்தேன். தீபாவளி முடிந்து சரக்கு கப்பலேறுகிற நேரம். இன்னொரு லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்கு முன்னால் இரண்டு பேரை அப்படி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ஷிப்ட் வேலை, ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்குக் காலை அப்படித்தான் பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ராத்திரியிலிருந்து விடாத மழை. முதலில் திருவள்ளூர் ஓடியது. பிறகு காஞ்சிபுரம். அடுத்துச் சென்னை வருமென்று கண் இமைக்காமல் பார்த்தேன். விளம்பரம் வந்தது. மறுபடி திருவள்ளூர், காஞ்சிபுரம். சென்னை இல்லை. அதாவது ஆறு வயது அம்முவுக்கு லீவு, பதினோரு வயது கவிதாவுக்கு இல்லை. சாந்தியக்கா இருந்தால் கவலையில்லை. அவர் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் முத்தாபுதுப்பேட்டைக்குப் போயிருந்தார். தெருவில் மற்ற வீடெல்லாம் எங்களைப்போல் காலையில் பூட்டுகிற வீடுகள். ஆறு வயசுக் குழந்தையை யாரிடம் விடுவது?

கவிதா தலை பின்னிக்கொண்டே வந்து நின்றாள். இன்னாம்மா போட்டிருக்கான் என்று கேட்டாள். நான் பாவாடையைக் கைவிட்டேன். அது எழுத்தை மறைத்தது.

"ரெண்டு பேருக்கும் லீவுடி."

"நெஜமாவாம்மா? சென்னைக்குமா?"

"டிவில போட்டான். அம்முவ பாத்துக்கோ, நான் கெளம்பறேன்."

சொல்லிவிட்டு டிவியை அணைத்தேன். இப்படி ஒரு காரியத்தை எப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். என்னை நானே கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லி, இன்று நீ போகாதே என்றால் அவள் அழுவாள், அந்த அழுகையைப் பார்த்துவிட்டு நான் வேலைக்குப் போக மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அவள் அழுகையைப் பார்க்காமல் தப்பிக்கத்தான் அந்தப் பொய். அடுப்பைத் தொடாதே, கதவைத் திறக்காதே, தயிர்சாதம் தூக்கில் இருக்கிறது என்று அடுக்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன். அன்று நான் பாஸ் போட்ட சட்டைகளில் எத்தனை கோணல் காலர் சீமைக்குப் போனதோ, தெரியாது.

சாயங்காலம் பயந்துகொண்டே கதவைத் தட்டினேன். உள்ளே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. கொடியில் தொங்கிய சாக்ஸெல்லாம் மாணவர்கள். அம்மு முதல் பெஞ்சு. கவிதா என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு பழைய நோட்டில் வருகைப் பதிவேடு எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு சாக்ஸுக்கும் ஒரு பேர். அம்மு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "எல்லாரும் பிரசென்ட்மா. டீச்சருக்கு மட்டும் அட்டெண்டன்ஸ் கெடையாதாம், அக்கா சொல்லிச்சு." நான் சிரித்தேன். கவிதா சிரிக்கவில்லை, நோட்டை மடித்து வைத்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு தாளை நீட்டினாள். லீவு லெட்டர். என் பேரில், அவள் கையெழுத்தில், வீட்டில் தங்கைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்மா என்றாள். பள்ளியில் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள், குட்டு உடைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலை நிமிராமல் போட்டுக் கொடுத்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலண்டரில் டிக் இல்லை. ஆண்டு விழாவில் வேறொரு பெண் டிபன் பாக்ஸ் வாங்கியபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாள். நானும் தட்டினேன். என் கைக்கு வெட்கமே இல்லை.

அந்தத் தாளைப் பற்றி நாங்கள் அதற்கப்புறம் பேசவேயில்லை. எத்தனை ஐப்பசி, எத்தனை கார்த்திகை போயிற்று. விளக்கேற்றும்போது கேட்கலாமென்று நினைப்பேன், எண்ணெய் ஊற்றுகிற சாக்கில் நழுவிவிடுவேன். இதோ தை மாதம் அவளுக்குக் கல்யாணம். நசரத்பேட்டையில் மாப்பிள்ளை வீடு. இந்த வீட்டில் அவளுக்கு இது கடைசி மழைக்காலம்.

இன்று காலை ஏழு மணிக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். லீவாமே என்றேன். அவள் வேலை பார்க்கும் பள்ளி இருக்கிற சென்னீர்குப்பம் திருவள்ளூர் மாவட்டம், அங்கே லீவு கிடையாது, அம்பத்தூர்தான் இப்போது சென்னையில் சேர்ந்துவிட்டதே என்று சிரித்தாள். இன்றைக்கு வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் வராது, தம்பியைப் பார்த்துக்கொண்டேன், தங்கையைப் பார்த்துக்கொண்டேன் என்று நாளைக்கு லெட்டர் வரும் என்றாள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"கவி, அன்னிக்கு நான் உன்கிட்ட பொய் சொன்னேன்டி. உனக்கு லீவு இல்ல."

"தெரியும்மா."

"மறுநாள் ஸ்கூல்ல திட்டு வாங்கிருப்ப."

"மறுநாள் இல்லம்மா, அன்னிக்கே தெரியும். நீ போயி அர மணி நேரத்துல வேன் வந்து ஆரன் அடிச்சிதே."

வேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அந்த வேன் என் நினைப்புக்கு வரவில்லை. வேன் வருகிற நேரத்துக்கு நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை, ஆனாலும் இப்படி ஒரு மண்டு உண்டா, நீங்களே சொல்லுங்கள். லீவு நாளில் வேன் எப்படி வரும்? டிவியை அணைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

ஆரன் சத்தம் கேட்டதும் கவிதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். அம்முவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையில் தெருமுனைக்குப் போனாளாம். டிரைவர் அஞ்சு நிமிஷம் காத்திருக்கிறேன், யூனிபார்மைப் போட்டுக்கொண்டு ஓடி வா என்றாராம். தங்கைக்குக் காய்ச்சல், வரவில்லை என்று இவள் சொன்னாளாம். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றாளாம். பிள்ளைகள் தனியாக இருப்பது தெரிந்தால் யாராவது என்னைத் தப்பாகப் பேசுவார்களே என்று. பதினோரு வயதில்.

"ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா அடுத்த மழைக்கு நீ வேலைக்குப் போவமாட்டியேம்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இன்றைக்குப் போகாதே, வீட்டில் இரு என்றேன், அர்த்தமில்லாமல். கவிதா என் கன்னத்தைத் தட்டினாள். "எனக்கு நெஜமாவே லீவு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

அந்தக் கூன் டிவி எடைக்குப் போய்விட்டது. நான் வேலை பார்த்த கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். பாடிக்கு அப்பால் இருந்த மாவட்டக் கோடும் எங்கள் வீட்டைத் தாண்டி ஆவடிப் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்று கவிதாவும் அம்முவும் அதே பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் ஒரே நாளில்தான் லீவு, எனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மழை கொட்டுகிறது. எங்கள் தெருவுக்கு முறைப்படி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் லீவு விட்டிருக்கிறார்கள். கூடத்துக் கொடியில் ஒரு சாக்ஸ்கூட இல்லை.